கிணற்றுக்கட்டில் முளைத்த கொடி

கடற்காற்று வீசும்போது எமிலியா மாமியின் வீட்டு வளவில் செங்கல் துண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். புடலங்காய் சுருண்டு போகாமல் நேராக இறங்குவதற்காக அதன் நுனியில் கட்டித் தொங்கவிடுகிற கல்தான். மற்றவர்கள் கைக்கு அகப்பட்ட எதையாவது கட்டுவார்கள். மாமி கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய துண்டுகளை மட்டுமே கட்டுவார். அலை உருட்டி முனை மழுங்கிப்போன துண்டுகள். சிலவற்றில் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கும். ஒன்றில் நீல நிறம். சுனாமியில் இடிந்த வீடுகளின் மிச்சம் அவை. மாமியின் வீடும் அவற்றில் எங்கோ இருக்கிறது.

வளவுக்கு வெளியே ஒழுங்கையால் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம், பந்தலுக்குக் கீழே ஒரு சிறு பிள்ளை தலையால் காய்களை முட்டிக்கொண்டு ஓடுவதுபோலக் கேட்கும். அப்படி ஓடிய பிள்ளை ஒருவன் இருந்தான். ஜெரோம், மாமியின் ஒரே மகன். நத்தார்ப் பண்டிகை முடிந்த அடுத்த நாள் காலை கடல் வந்தபோது அவன் கிணற்றடியில் இருந்தான். பிறகு அவன் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றும் இல்லாததால் சேமக்காலையில் அவனுக்கு ஒரு சிலுவையும் இல்லை.

வீடு போய்விட்டது. கிணற்றின் வட்டக் கட்டு மட்டும் மணலுக்கு மேலே நின்றது. கணவர் இரண்டு வருஷம் முகாமில் இருந்துவிட்டு, கடல் தெரியாத ஊரில்தான் இனி இருப்பேன் என்று வவுனியாப் பக்கம் போனார். மாமி போகவில்லை. அரசாங்கம் கடலிலிருந்து தள்ளி உள்ளே தந்த வீட்டையும் வேண்டாம் என்று அதே வளவுக்குத் திரும்பி வந்து, அதே கிணற்றுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டார்.

அவர் திரும்பி வந்ததற்கு ஒரு விதை காரணம். அந்த வருஷம் ஜெரோம் முதன்முதலாகத் தன் கையால் ஒரு புடலங்கொடி வளர்த்திருந்தான். அதில் முத்திச் சிவந்த காய் ஒன்றை, நத்தாருக்கு முன்பே, பழுகாமத்தில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கைக்கு மாமி கொடுத்தனுப்பியிருந்தார். கடல் இங்கே எல்லாவற்றையும் கொண்டுபோனது. அந்த விதைகள் பழுகாமத்தில் ஒரு டப்பாவில் சாம்பலுக்குள் கிடந்தன. தங்கை அவற்றை அப்படியே கொண்டுவந்து தந்தார். உப்பேறிய மண்ணை இரண்டு மாரி மழை கழுவிய பிறகுதான் ஒன்று முளைத்தது.

அந்தக் கொடியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பந்தலில் நான் பார்த்து வளர்ந்தவை. ஒவ்வொரு வருஷமும் ஒரேயொரு காயை மாமி விதைக்கு விடுவார். நீலம் பூசிய துண்டை அதற்குத்தான் கட்டுவார். அது இடிந்த வீட்டில் அவருடைய அறைச் சுவரின் நிறம். மற்றக் காய்களையெல்லாம் பிஞ்சிலேயே பறித்து விற்பார், கொடுப்பார். விதை மட்டும் எவருக்கும் இல்லை. யாருடைய வளவிலும் அது வளரக்கூடாது என்பதற்காகவே பிஞ்சில் பறித்தார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

காத்தான்குடியிலிருந்து ஜெமீலா என்றொரு பெண் கிழமைக்கொரு தடவை வந்து காய் வாங்குவார். இடியப்பம் அவித்து விற்கிறவர். கறிக்குக் காய் வேண்டும். இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு ஊர்ப் புதினம் பேசுவார்கள். ஒரு நாள் ஜெமீலா சிரித்துக்கொண்டே வந்தார்.

"எமிலியாக்கா, கோவிக்கப்படா. முந்தி ஒருக்கா இலைக்குள்ள ஒளிஞ்சு முத்தின காய் ஒண்டு கட்டோட வந்திட்டு. கொட்டையைச் சும்மா போட்டன். இப்ப பாருங்க, என்ட வளவுல ரெண்டு முழத்துக்குக் காய்ச்சிரிக்கி!"

"ஆரைக் கேட்டு ஊண்டின?"

"கொட்டைதானேகா. அதுக்கு ஆரைக் கேக்கிற?"

"புடுங்கிப் போடு. இண்டைக்கே புடுங்கு."

"காய்க்கிற கொடியப் புடுங்குறதா? பாவமில்லையா?"

"அது என்ட புள்ள, ஜெமீலா."

ஜெமீலா வாங்கிய காய்களைப் பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

இதே மாமிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு மறைக்கல்வி எடுத்தார். பூசை முடிந்ததும் எங்களைத் தன் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். நெருக்கமாக முளைத்த கீரையைக் கலைத்துப் பிடுங்க வைப்பார். ஆசைகள் எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வைத்திருந்தால் ஒன்றும் தேறாது என்பார். கல் கட்டும்போது, "காய்க்கு நோகும் எண்டு நினைக்காதீங்க. நேரா வளரத்தான் ஆண்டவர் பாரம் தாறார்" என்பார்.

"அப்ப மாமி, எங்கட கணக்கு ரீச்சரும் கல்லா?" என்று ஒருவன் கேட்டான்.

"அவ பாறாங்கல்லு. நீ அவ்வளவு கோணல்."

எல்லோரும் சிரித்தோம். மாமியும் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஆனா காய் நேரானவுடனே கல்லை எடுத்திரணும். மறந்தா கழுத்து அறுந்து விழும்."

வந்தாறுமூலையில் பட்டம் முடித்து, வேலை கிடைக்காமல் நான் வீட்டில் இருந்த மாரியில்தான் அது முளைத்தது. எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். போகும்போது இருந்த விசுவாசம் திரும்பி வரும்போது என்னிடம் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவேன், முழங்காலில் நிற்பேன், யாரோடு பேசுகிறேன் என்று யோசிப்பேன். மாமிக்கு அந்தச் சந்தேகம் ஒருபோதும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் மழை பெய்து சில கிழமைகளில் ஒரு காலை, ஒழுங்கையில் போன என்னை அவர் கூப்பிட்டார்.

"நிருஷா, இஞ்ச வா புள்ள. இதைப் பாரு."

கிணற்றுக்கட்டின் வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கொடி. மெல்லிய சுருள்கைகளால் கட்டைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. இலையைப் பார்த்தால் புடல்தான்.

"நான் இதில ஊண்டல்ல," என்றார். "அவன்தான் ஊண்டினான். அண்டைக்குக் காலையில இந்த வெடிப்புக்குள்ள கொட்டைய வச்சு விரலால தள்ளிக்கொண்டு இருந்தான். கிணத்துக்குள்ள விழுந்திருவாய், எழும்பு எண்டு ஏசிப்போட்டு உள்ள போனன். அதுதான் நான் அவனோட கடைசியாப் பேசினது."

அவ்வளவு காலம் ஒரு விதை கல்லுக்குள் உயிரோடு கிடக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், கடவுளுக்கு முடியாதா என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

கொடி கிணற்றைச் சுற்றி வளர்ந்தது. பொழுது படும்போது அதன் பூக்கள் விரியும். கிழிந்த நூல்போல வெள்ளை இழைகள். பந்தலில் விரிவதும் அதே பூதான். மங்கல் வெளிச்சத்தில் அந்த வெள்ளை இரண்டு இடத்திலும் அசையும்போது, கிணற்றடிக்கும் பந்தலுக்கும் நடுவே யாரோ போய் வருவதுபோல இருக்கும். மாமி கதிரையைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி செபமாலை சொல்வார். காய்கள் மட்டும் நீளவில்லை. விரலளவில் பருத்து, வெள்ளைக் கோடு விழுந்து, அப்படியே பழுத்து விழுந்தன.

"கடல் உப்பைக் குடிச்சு வந்தது. அதுதான் கட்டை," என்றார். ஒன்றையும் பறிக்கவில்லை.

பக்கத்து வளவு அழகரத்தினம் ஐயா மண்டூர்க்காரர். ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, மருமகனுக்குக் காய்ச்சல். கசாயத்துக்குப் பேய்ப்புடல் தேடி எங்கெல்லாமோ அலைஞ்சன். இஞ்ச கிணத்தடியில கொழுத்து நிக்குதே! ஒரு பிடி பிடுங்கட்டா?"

"எதைச் சொல்லுறீங்க?"

"இதைத்தான். காட்டுல தானா முளைக்குமே, அது."

"இது புடல். என்ட புள்ள ஊண்டின புடல்."

"ஒரு காயைக் கடிச்சுப் பாருங்க. சாகும் வரைக்கும் மறக்கமாட்டீங்க."

"உங்கட நாக்குக்கு எல்லாம் கசப்புத்தான். போங்க ஐயா, வேற இடத்தில பாருங்க."

ஐயா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கொடியையும் மாமியையும் பார்த்தார். "சரி, புள்ளைட கொடி எண்டா நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வேலியை விட்டு இறங்கினார்.

அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் களைகளின் உவமையைப் பற்றிப் பிரசங்கம். கோதுமை வயலில் எதிரி களை விதைக்கிறான். வேலைக்காரர் பிடுங்கட்டுமா என்று கேட்க, அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்று வயல்காரர் தடுக்கிறார். மாமி முன்வரிசை வாங்கில் இருந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"கேட்டியா? புடுங்கக்கூடாதாம்."

அது தோட்டத்தைப் பற்றிய கதையா, மனிதரைப் பற்றியதா என்று எனக்கு அப்போதும் தெரியாது. கீரைப் பாத்தியில் ஒரு புல்லைக்கூட விட்டுவைக்காத அந்தக் கை, அந்த ஒரு கொடிக்கு மட்டும் ஆண்டவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டது. அது விசுவாசமா, அல்லது விட்டுவிட மனமில்லாத ஒன்று விசுவாசத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்ததா? கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. எனக்குப் பிடித்துவைக்கவே ஒன்றும் இருக்கவில்லை.

வழக்கம்போல அந்த வருஷமும் நீலக்கல் கட்டிய காயிலிருந்து மாமி விதை எடுத்தார். அடுத்த மாரிக்கு ஊன்றினார். கொடிகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் படர்ந்தன. காய்கள் கொஞ்சம் கட்டையாக, கடும் பச்சையாக இருந்தன. கிணற்றடியில் விழுந்த பழங்களிலிருந்து அந்தக் கொடியும் திரும்ப முளைத்திருந்தது.

ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளில், கடல் கொண்டுபோன எல்லோருக்கும் பூசை நடக்கும். பிறகு கோயில் வளவில் சோறு. புடலங்காய்ப் பாற்கறி ஜெரோமின் பேரில் மாமி கொடுப்பது. சமைக்கிற பெண்கள் விடியவே தொடங்கிவிடுவார்கள். பூசையில் நற்கருணை நன்மை எடுக்கும் வரை அவர்கள் வாயில் ஒன்றும் படாது. உப்பையும் கைக்கணக்கில்தான் போடுவார்கள். அதனால் அந்தக் கறியை யாரும் ருசி பார்க்கவில்லை.

முதல் பந்தியில் முதலாவது வாய் வைத்தவர் துப்பினார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பிறகு அவரும் துப்பினார்.

"என்னகா இது, வேப்பெண்ணெய் விட்டுக் காய்ச்சினீங்களோ?"

"சட்டி கழுவல்லையா?"

"சட்டி என்ன செய்யும்? காய்தான் கசக்குது. பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க, வயித்தால போகும்!"

கறிக் கிடாரத்தை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மகனின் பேரில் வந்த கறி மணலில் வெள்ளையாக ஊறிப் போவதை மாமி நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

பந்தலுக்குக் கீழே நின்று ஒரு காயைப் பச்சையாகக் கடித்தார். துப்பினார். அடுத்த கொடியில் ஒன்று. துப்பினார். கடைசிக் கொடி வரை போனார். பிறகு கிணற்றடிக்குப் போய், இத்தனை நாள் தொடாமல் விட்ட அந்த விரலளவு காய்களில் ஒன்றைக் கடித்தார். அதைத் துப்பவில்லை. மென்று விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கசப்பினாலா என்று தெரியவில்லை.

"அதே கசப்பு," என்றார்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பூவும் ஒரே பொழுதில் விரிந்திருக்கின்றன. ஒரே பூச்சி இரண்டிலும் இருந்திருக்கிறது. அந்தக் கலப்பில் முத்திய விதைதான் இந்தப் பந்தல். பழைய விதை ஒன்றும் மிச்சமில்லை. வருஷத்துக்கு ஒரு காய் என்று அவரே வைத்த கணக்கு. யாருக்கும் கொடுக்காமல் காத்த ஒன்று, அவர் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துபோனது.

பந்தல் கொடிகளை அன்றே அறுத்தார். செங்கல் துண்டுகளைக் கிணற்றடியில் குவித்தார். அதன் பிறகு அந்த ஒழுங்கையில் சத்தம் இல்லை. காற்று வரும், ஒன்றும் முட்டாது. வெறும் பந்தலைத் தாண்டிப் போகும்போது எனக்குச் சத்தம் இருந்த நாட்களைவிடப் பயமாக இருந்தது.

மாமி கோயிலுக்கு வரவில்லை. நான் போனபோது கதிரையில் இருந்தார்.

"சத்தம் நிண்டுபோச்சு," என்றார். "அவன்ட குரல் எனக்கு எப்பவோ மறந்து போச்சு, நிருஷா. ஆருக்கும் சொல்லல்ல. கல்லுச் சத்தம் இருந்தது, அதால சமாளிச்சன்."

"மாமி, ஜெமீலாத்தாட்ட அந்தக் கொடி இருக்குமே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் புடுங்கச் சொன்னன்."

"புடுங்கியிருக்கமாட்டா."

"எந்த முகத்தோட போய்க் கேக்கிற? கேட்டு, அவ இல்ல எண்டா அதோட முடிஞ்சுது. இரிக்கு எண்டா…" நிறுத்தினார். "இரிக்கு எண்டா, இவ்வளவு காலமும் நான் எதைக் காத்தன்?"

ஆனாலும் மறுநாள் காலையில் வெள்ளைச் சாரி உடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசற் படலையில் நின்றார். பஸ்ஸில் போகும்போது செபமாலையைக் கையில் சுற்றியிருந்தார். மணி உருட்டவில்லை.

ஜெமீலா முன் விறாந்தையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். எழும்பவில்லை.

"வாங்க. புடுங்கியாச்சா எண்டு பார்க்க வந்தீங்களோ?"

"என்ட கொடி கசந்து போச்சு, ஜெமீலா."

உரலைப் பிடித்த கை நின்றது. ஜெமீலா எழுந்து கையைக் கழுவினார். "வாங்க," என்றார் மறுபடியும். இம்முறை குரல் வேறு.

வீட்டுக்குப் பின்னால் பந்தல். இரண்டு முழத்துக்குக் குறையாத வெளிர் பச்சைக் காய்கள். ஜெமீலாவின் கணவர் முத்தலிப் சைக்கிள் திருத்துகிறவர். ஒவ்வொரு காயிலும் பழைய இரும்பு நட் தொங்கியது. மாமி குனியாமல் உள்ளே போனார். நட்டுகள் தலையில் முட்டிக் கிலுங்கின. ஒரு பிஞ்சைப் பறித்துக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"என்ன, கசக்குதா?" என்று ஜெமீலா கேட்டார்.

"இல்ல."

"நீங்க திட்டிப்போட்டுப் புடுங்கச் சொன்னீங்க. எனக்கும் கோவந்தான். புடுங்கத்தான் வந்தன், எண்டாலும் பூத்து நிண்டிச்சு, மனசு வரல்ல. மறுகா எல்லாருக்கும் குடுத்தன். மகள் இர்ஷானா ஏறாவூருக்குக் கொண்டு போனா. அவட மாமி ஓட்டமாவடிக்குக் குடுத்தா. அங்கால இதுக்கு ஒரு பேரும் இரிக்கி. வேதக்காரப் பொடியன்ட புடல் எண்டு."

மாமி பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்ட பேர் ஜெரோம்," என்றார்.

வகுப்பிலும் கோயிலிலும் இத்தனை வருஷம் அவரோடு இருந்தவள் நான். அவர் வாயால் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். எங்களுக்கெல்லாம் அது மற்றவர்கள் சொல்லித் தெரிந்த பெயர்.

"ஜெரோம்," என்று ஜெமீலா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர். இனி அப்படிச் சொல்லச் சொல்லுறன்." முத்திச் சிவந்த காயொன்றைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "இதையும் புடுங்கச் சொல்லமாட்டீங்களே?"

மாமி சிரிக்க முயன்றார். முடியவில்லை. ஜெமீலாவின் தோளில் முகத்தை வைத்தார். இடியப்ப மா அவர் வெள்ளைச் சாரியில் கை அளவுக்கு ஒட்டியது.

திரும்பும்போது பஸ்ஸில், காயை மடியில் வைத்தபடி, "எனக்குத் தெரியாத வீடெல்லாம் இரிக்கான்," என்றார். அது ஆறுதலா அச்சமா என்று அந்தக் குரலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த விதைகளைத் தன் பந்தலில் அவர் ஊன்றவில்லை. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். ஆளுக்குச் சில விதை, கட்டுவதற்கு ஒரு செங்கல் துண்டு. நீலத் துண்டு எந்தப் பிள்ளைக்குப் போனது என்று நான் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்காத மாதிரி இருந்தார்.

ஆனால் கிணற்றடிக் கொடி, இருந்த காய்களைப் பறித்து எரித்த பிறகும், இன்னும் நின்றது. அது பூத்தால் ஒழுங்கையில் உள்ள எல்லா வளவும் திரும்பக் கசக்கும். அது அவருக்குத் தெரியும். ஒரு மாலை நான் போனபோது, விரியத் தயாராக இருந்த மொட்டுகளை அவர் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொண்டிருந்தார். ஆண் மொட்டு, பெண் மொட்டு என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாய் அசைந்தது. செபம் என்று நினைத்தேன். கிட்டப் போனபோது பெயர் கேட்டது.

"மாமி, வேரோட புடுங்கினா ஒரு நாள் வேலைதானே?"

"ஒரு நாள்ல செய்யத் தெரிஞ்சிருந்தா எப்பவோ செய்திருப்பன், புள்ள," என்றார். "காய்க்காட்டி அடுத்த மழைக்கு இது முளைக்காது. அது வரைக்கும் நிக்கட்டும்."

ஒவ்வொரு பொழுதும் கிள்ளினார். மழையிலும் கிள்ளினார். மேலுக்குச் சுகமில்லாத நாட்களில் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கிள்ளினார். கோடையில் கொடி காய்ந்து தானாகவே உதிர்ந்தது.

இந்த மாரிக்குக் கிணற்றுக்கட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. முதல் மழையிலிருந்து மாமி தினமும் அந்த வெடிப்பில் விரலை வைத்துப் பார்க்கிறார். நினைவு நாளுக்குக் கொஞ்சம் முன்பு, நான் அவர் பக்கத்தில் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கடற்காற்று எழும்பியது. அவருடைய பந்தல் வெறுமையாக இருந்தது. ஒழுங்கையின் அந்தப் பக்கம் ஒரு வளவில் கற்கள் முட்டின. பிறகு இன்னொரு வளவில். பிறகு இன்னும் தள்ளி.

மாமி தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், ஓடுகிற யாரையோ கண்ணால் தொடர்வதுபோல.

"கடைசியாக் கேட்டது ஆர்ட வளவு?"

"உங்கட வகுப்பு மதுரன்ட வளவு, மாமி."

"கல்லு பாரமாக் கட்டிட்டான். சத்தம் ஊமையா இரிக்கு. காய் நேராகிட்டா எடுத்துப்போடச் சொல்லணும்."

எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். எழும்பவில்லை. காற்று விழுந்து, கடைசிக் கல் நிற்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். விரல் வெடிப்புக்குள் இருந்தது.